பழைய ரயில் தடத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுற்றுலாவை வளர்ப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையையும், அதையொட்டி வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். ஒகேனக்கல்லில் வாகனம் நிறுத்த இடம் வேண்டும், கிருஷ்ணகிரி அணையில் படகு விட வேண்டும், கோட்டை மலைக்கு ரோப் கார் போட வேண்டும் என்று பலரும் கேட்டிருந்தார்கள். அவற்றில் எதையும் மறுப்பது என் நோக்கமன்று. ஆனால் அத்தனை கடிதங்களிலும் ஒருவர்கூட இம்மாவட்டங்களில் ஓடிய சிறிய ரயிலைப் பற்றிக் குறிப்பிடவில்லை. நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இதே போன்ற ஒரு ரயில் தடத்தை இத்தாலியில் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

என் வீடு பழையபேட்டையில், கோட்டை மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் பைக்கில் வரும் இளைஞர்கள் எங்கள் தெருவில் நின்று மலைக்கு வழி கேட்பார்கள். ஏறி இறங்கியதும் அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, ‘இங்கே வேறு என்ன சார் பார்க்கலாம்?’ என்பது. அணையைச் சொல்வேன்; அரசு அருங்காட்சியகத்தைச் சொல்வேன்; மல்லச்சந்திரத்தின் கற்திட்டைகளைச் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஊர் திரும்பிவிடுவார்கள். ஓர் ஊருக்கு வந்தவர் அங்கே ஓர் இரவாவது தங்க வேண்டுமானால், பார்ப்பதற்கு இடங்கள் இருந்தால் மட்டும் போதாது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நிதானமாகப் போக ஒரு வழியும் வேண்டும் என்பதை நான் ஸ்பொலேட்டோவில்தான் உணர்ந்தேன்.

ஸ்பொலேட்டோ என்பது இத்தாலியின் நடுப்பகுதியில், உம்பிரியா மாநிலத்தில், ஒரு குன்றின் சரிவில் அமைந்த பழைய ஊர். என் மகள் அம்மாநிலத்தின் தலைநகரான பெரூஜாவில் வேலை பார்த்தபோது, 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் நானும் என் மனைவியும் அங்கே சென்று, இந்த ஊரில் மட்டும் ஐந்து நாள் தங்கினோம். ரோமிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். ரயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. பழைய ஊர் மேலே இருக்கிறது. மேலே கார்கள் நெருக்கியடிக்காமல் இருக்க, அடிவாரத்திலேயே அவற்றை நிறுத்தச் செய்துவிட்டுக் குன்றுக்குள் குடைந்து நகரும் படிக்கட்டுகளும் மின்தூக்கிகளும் அமைத்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரியான என் மனைவி மூச்சு வாங்காமல் கோட்டை வாசல் வரை வந்து சேர்ந்தாள்.

அந்தக் கோட்டையை 1359-இல் கட்டத் தொடங்கினார்கள், ஆறு கோபுரங்கள். அது பின்னாளில் சிறையாக மாறி, 1982 வரை சிறையாகவே இருந்து, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. கோட்டைக்குப் பின்னால் ஒரு பெரும் பள்ளத்தாக்கு. அதன் குறுக்கே 230 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 80 மீட்டர் உயரமும் உள்ள கல்பாலம் ஒன்று பத்து வளைவுகளின் மேல் நிற்கிறது. எதிர்மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பாலம் அது. 2016-இல் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு பாலத்தின் மேல் நடப்பதற்குத் தடை விதித்திருந்ததால், நாங்கள் கோட்டையைச் சுற்றிச் செல்லும் நடைபாதையில் நின்று பார்த்ததோடு சரி. எதிர்மலையின் பெயர் மோன்டெலூக்கோ. ‘லூக்கஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குத் தெய்வத்துக்கு விடப்பட்ட சோலை என்று பொருள். நம் கோயில்காடு மாதிரி. அந்தச் சோலையில் மரம் வெட்டக் கூடாது, எதையும் எடுத்துச் செல்லக் கூடாது, மீறினால் ஜூப்பிட்டருக்கு ஒரு மாட்டைப் பலியிட வேண்டும், தெரிந்தே செய்தால் மாட்டோடு 300 காசு அபராதமும் கட்ட வேண்டும் என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாட்டுக்காக உயிர் விட்டவர்களுக்குக் கல் நட்ட தருமபுரி மண்ணிலிருந்து போனவனுக்கு, மரத்துக்காக மாட்டைக் கேட்கும் கல்லைப் பார்த்து ஒரு வியப்பு; அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். ஸ்பொலேட்டோவிலிருந்து நோர்ச்சா என்ற மலையூருக்கு 1926 முதல் 1968 வரை ஒரு குறுகிய ரயில் ஓடியது. தண்டவாளங்களுக்கு இடையே 950 மில்லிமீட்டர் அகலம், மொத்தம் 51 கிலோமீட்டர், 19 சுரங்கங்கள், பள்ளங்களைக் கடக்க உயரமான கல்பாலங்கள். மலையேற்றம் சில இடங்களில் ஆயிரத்துக்கு 45 வரை போகிறது. தொழில் பழக்கத்தால் நான் இந்த எண்ணை எழுதுகிறேன். வாசகர்களுக்குப் புரியும்படி சொன்னால், நூறு அடி நடந்தால் நாலரை அடி ஏறியிருப்போம். ரயிலுக்கு இது கடுமையான ஏற்றம். மனிதக் காலுக்கோ இது ஏற்றமே அன்று. பழைய ரயில் தடங்கள் உலகத்தில் பல இடங்களில் நடைபாதைகளாகவும் சைக்கிள் பாதைகளாகவும் மாறியிருப்பதற்கு இதுவே முதற்காரணம்: பொறியாளர் ஒருவர் ஏற்கெனவே மலையைச் சமாதானப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரயில் நின்ற பிறகு தண்டவாளங்களை அகற்றிவிட்டார்கள். பல ஆண்டுகள் அந்தத் தடம் புதர் மண்டிக் கிடந்திருக்கிறது. பின்னர் அதைச் சுத்தம் செய்து, பாலங்களுக்குக் கைப்பிடிக் கம்பி போட்டு, சரளை பரப்பி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஸ்பொலேட்டோவில் இருந்த பழைய நிலையக் கட்டடத்தில் அந்த ரயிலின் படங்களையும் பொருள்களையும் வைத்திருக்கிறார்கள். நானும் என் மருமகனும் பேத்தியும் பேட்டரி சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரர் தலைக்கவசத்தோடு ஒரு விளக்கையும் கையில் கொடுத்தபோது பட்டப்பகலில் இது எதற்கு என்று நினைத்தேன். சுமார் பத்து கிலோமீட்டர் சென்றதும் விடை கிடைத்தது. காப்ரரேச்சா என்ற இடத்தில் மலையை ஊடுருவிச் செல்லும் சுரங்கம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளம். உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் பின்னால் இருந்த வெளிச்சம் நாலணா அளவுக்குச் சுருங்கி மறைந்தது. முன்னால் எதுவும் தெரியவில்லை. செப்டம்பர் வெயிலிலிருந்து மார்கழிக் குளிருக்குள் போய்விட்டோம். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரின் ஓசையும் சக்கரத்தின் அடியில் சரளை நொறுங்கும் ஓசையும் தவிர வேறு சத்தமில்லை. பதினோரு வயதுப் பேத்தி, பயத்தை மறைக்கவோ என்னவோ, பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சுரங்கத்துக்கு அப்பால் பாதை, ‘நேரா’ என்ற ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. நேராக இறங்க முடியாத செங்குத்து என்பதால், பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, மலைக்குள் நுழைந்து திரும்பி, சற்று முன் கடந்த பாலத்தைத் தலைக்கு மேலே காட்டுகிறது. நான் ஒரு பாலத்தின் நடுவில் நின்று, அந்த வளைவுகளை எந்தக் கருவியை வைத்துக் குறித்திருப்பார்கள் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பொலேட்டோவிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில், ஆற்றங்கரையில் இருக்கும் சான்டனடோலியா என்ற சிற்றூரை அடைந்து, பயற்றஞ்சாறு மாதிரி ஒரு பருப்புச் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். அந்த மலைநாட்டில் விளையும் சிறு பருப்பு பெயர் பெற்றது. நம் மைசூர்ப் பருப்பின் தம்பி.

நோர்ச்சாவுக்குப் பேருந்தில்தான் போனோம். 2016 அக்டோபர் நிலநடுக்கத்தில் அந்த ஊரின் பெரிய தேவாலயம் இடிந்து, முன்சுவர் மட்டும் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதைப் பற்றி அதிகம் எழுத இது இடமன்று. அந்தப் பக்கத்திலேயே, தெர்னி நகருக்கு அருகில், 165 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று அடுக்காக விழும் மார்மொரே அருவி இருக்கிறது. கி.மு. 271-இல் ரோமானியர்கள் ஒரு சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடிக்கக் கால்வாய் வெட்டி உண்டாக்கிய செயற்கை அருவி அது. இன்று அந்த நீர் மின்சாரம் எடுக்கப் போவதால், அருவியை அட்டவணை போட்டுத் திறக்கிறார்கள். எந்த நாளில் எந்த மணிக்குத் தண்ணீர் விழும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா என்பது வாசலுக்கு வந்த பிறகு தெரியவரும் நமக்கு அந்த அட்டவணை ஒரு பொறாமையைத் தந்தது. காவிரியை அட்டவணைக்குள் அடக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது நம் ஊர்க் கதை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் இரண்டரை அடி அகல ரயில் பாதை திறக்கப்பட்டது. மறுவருடம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொன்று. அது 1913-இல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டது. 1876–78-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தை மறக்காத காலம் அது. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு சேர்க்க வழி வேண்டும் என்ற எண்ணத்தில் போடப்பட்ட பாதைகள் இவை. இரண்டாம் உலகப் போரின்போது, 1941-இல், இரண்டும் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தருமபுரிக்கும் ஓசூருக்கும் பின்னாளில் சேலம் – பெங்களூரு பாதை வந்தது. கிருஷ்ணகிரிக்கு வரவில்லை. மாவட்டத் தலைநகராக இருந்தும் இன்றுவரை ரயில் நிலையம் இல்லாத ஊர் எங்கள் ஊர். என் தாத்தா திருப்பத்தூர்ச் சந்தைக்கு ரயிலில் போய் வந்ததைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏற்றத்தில் இறங்கி நடந்துவிட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம் என்பார். அது உண்மையா, தாத்தாக்களின் வழக்கமான அளப்பா என்பதை நான் ஆராயவில்லை.

பணியில் இருந்தபோது சில கிராமங்களின் புலப்படங்களை, அதாவது நிலங்களின் எல்லை காட்டும் அளவை வரைபடங்களை, விரித்தால், வயல்களின் சதுரங்களுக்குச் சற்றும் பொருந்தாமல், ஒடுங்கிய பட்டை ஒன்று மெல்ல வளைந்து செல்வதைப் பார்ப்போம். வாய்க்கால் அப்படி வளையாது. வண்டிப்பாதை அவ்வளவு சீராக இருக்காது. சங்கிலி பிடிக்க வந்த தலையாரி, ‘அது ரயில் மேடுங்க சார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். சில இடங்களில் அந்த மேடு இன்று தார்ச்சாலையாகிவிட்டது. சில இடங்களில் புறம்போக்காகவே இருந்து சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சில இடங்களில் பக்கத்து வயலோடு கலந்து, பட்டாவும் ஆகி, மாந்தோப்பாகிவிட்டது. எவ்வளவு நீளம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முழுமையாக ஒருமுறை அளந்து பட்டியலிட வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை. கிராம நிலங்களின் விவரம் அடங்கிய பழைய அ-பதிவேட்டையும், நில உரிமைப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். காலத்துப் பதிவேட்டையும், இன்றைய புலப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த இரண்டு நில அளவர்கள் போதும். 1792-இல் பாரமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, கம்பெனி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் குதிரையில் சுற்றி, ஏழு ஆண்டுகளில் இந்த நாட்டை அளந்து வரி விதித்தார்கள். கருவிகள் பெருகிவிட்ட இந்த நாளில் நாற்பது கிலோமீட்டர்ப் பட்டை ஒன்றை அளப்பது பெரிய வேலை அன்று.

இரண்டு தடங்களில் எதை எடுப்பது என்று கேட்டால், என் கருத்து கிருஷ்ணகிரி – திருப்பத்தூர்த் தடத்தின் பக்கம்தான். தருமபுரியிலிருந்து ஓசூர் வரையுள்ள ஊர்களின் வழியே இன்று அகலப்பாதை ஓடுகிறது. மொரப்பூர் – தருமபுரி இடையே புதிய பாதைக்கான திட்டம் இருக்கிறது. ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில் நடைபாதை கேட்பது பொருத்தமாகாது. இராயக்கோட்டைக்கு வடக்கே வேறொரு காரணமும் உண்டு. ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் அந்தக் காடுகளை ஒட்டி வந்து தங்குவதை நம் நாளிதழ்களே ஒவ்வொரு ஆண்டும் எழுதுகின்றன. அதிகாலையில் சைக்கிள் மிதிக்கும் ஒருவரை யானை வழிக்குள் அனுப்புவது யாருக்கும் நன்மை தராது. இந்த இடையூறுகள் கிருஷ்ணகிரித் தடத்துக்கு இல்லை. இன்னொரு வசதியும் இருக்கிறது. திருப்பத்தூர் சென்னை – சேலம் பெரிய பாதையில் இருக்கும் ரயில் நிலையம். சென்னையிலிருந்து சைக்கிளோடு வந்து இறங்குபவர், மாந்தோப்புகளுக்கும் குன்றுகளுக்கும் நடுவே ஒரு நாளில் கிருஷ்ணகிரியை அடைந்து, இரவு தங்கி, மறுநாள் கோட்டை ஏறிவிட்டுத் திரும்பலாம். திரும்பும்போது பெரும்பாலும் இறக்கம். கிருஷ்ணகிரி, திருப்பத்தூரைவிட ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பொலேட்டோவில் நான் கண்டதும் இந்த அமைப்புத்தான்: ஒரு முனையில் பெரிய ரயில், நடுவில் பழைய தடம், தங்குவதற்கு ஊர், ஏறுவதற்குக் கோட்டை.

இது ஒரே நாளில் நடக்கும் என்றோ, நாற்பது கிலோமீட்டரும் கிடைக்கும் என்றோ நான் நினைக்கவில்லை. பட்டா ஆன இடத்தில் யாருடைய வேலியையும் தொடக் கூடாது. மூன்று தலைமுறையாக மா வைத்து வளர்த்தவரிடம் போய் ரயில் நிலம் என்று சொல்வது அநியாயம். வழக்கு மன்றத்தில் இருபது ஆண்டு நிற்கவும் நேரிடும். அத்தகைய இடங்களில் பக்கத்துக் கிராமச் சாலையில் பாதையைத் திருப்பிவிட்டு, ஒரு பலகை வைத்தால் போதும். புறம்போக்காக மிஞ்சியிருக்கும் பகுதிகளில் முதலில் ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டை எடுத்து, கருவேலத்தை அகற்றி, மண்ணை இறுக்கி, இருபுறமும் புங்கனும் நாவலும் புளியும் வைத்துப் பார்க்கலாம். இத்தாலியர்களுக்குச் சுரங்கம் நிழல் தந்தது. நமக்கு மரம்தான் தர வேண்டும். மரமில்லாத பாதையை இந்த ஊர் வெயிலில் யாரும் மிதிக்க மாட்டார்கள். பழைய பாலமோ மதகோ எங்கேனும் எஞ்சியிருந்தால், அதற்கு வெள்ளையடிக்காமலும் தலைவர்களின் படம் வரையாமலும் விட்டு வைப்பது பெரிய உதவியாக இருக்கும்.

‘ரயிலே இல்லாத ஊருக்கு ரயில் கேட்காமல், ரயில் ஓடிய தடத்தில் நடக்கக் கேட்கிறீர்களே’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கிருஷ்ணகிரிக்கு ரயில் வேண்டும் என்ற மனுக்களில் நானும் பலமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ஆனால் இன்றைய அகலப்பாதை அந்தப் பழைய இரண்டரை அடித் தடத்தின் வளைவுகளில் ஓடாது. அதற்கு வேறு நிலம் எடுக்க வேண்டும். பழைய தடத்தைக் காப்பாற்றுவதால் புதிய ரயிலுக்கு ஒரு முழம்கூடக் குறையப் போவதில்லை. காப்பாற்றாமல் விட்டால், மிஞ்சியிருக்கும் புறம்போக்குப் பட்டையும் இன்னும் பத்து ஆண்டுகளில் புலப்படத்தில் மட்டுமே இருக்கும்.

தடம் இன்று இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து நில அளவைக்கு உத்தரவிட வேண்டும். தை பிறந்து அறுவடை முடிந்தால் வயலில் பயிர் இருக்காது, மேடு பள்ளம் நன்றாகத் தெரியும், வெயிலும் ஏறியிருக்காது. அந்த நாட்களில் அளக்க வரும் இளைஞர்களோடு கிருஷ்ணகிரி முனையிலிருந்து நடந்து வந்து, எனக்கு நினைவில் இருக்கும் இடங்களைக் காட்டித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். படியோ பயணச் செலவோ வேண்டாம். குடையும் தண்ணீர் பாட்டிலும் நானே கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.